ஜம்மென்று தூங்கச் சொன்ன ஜன்னல்

"லைப்ரரில துப்பறியறதுல ஒரு வசதி இருக்கு சித்தி. மாட்டிக்கிட்டவன் கத்தவே முடியாது. ஷ்ஷ்ஷ்னு அடக்கிடுவாங்க," என்றான் சோடா.

சித்தி சிரிக்கவில்லை. காரை விட்டு இறங்கி விறுவிறுவென்று படி ஏறிக்கொண்டிருந்தாள்.

சோடா வாயை மூடிக்கொண்டு இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. மூடியைத் திறந்தால் பொங்குவான், அதனால் அந்தப் பேர். தலை நரைக்க ஆரம்பித்தும் பொங்குவது நிற்கவில்லை. சித்தி அவன் அம்மாவுக்குக் கடைசித் தங்கை. துப்பறியும் அலுவலகம் அவளுடையது. அதில் கார் ஓட்டுவது, டீ வாங்குவது, வாயடிப்பது மூன்றும் இவனுடைய இலாகா.

இன்றைக்கு மட்டும் ஐயாவுக்கு வர இஷ்டமில்லை. காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. அந்தச் சட்ட நூலகத்தில்தான் அவன் பெண்டாட்டி வேலை பார்க்கிறாள்.

"அவ ஆபீஸ்ல போய் நான் நோண்டினா வீட்ல எனக்குச் சோறு கிடைக்காது சித்தி. நான் கார்லயே இருக்கேனே?"

"வா."

வந்தான்.

தலைமை நூலகர் எழுந்து நின்று வரவேற்றார். ஒல்லி. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. அவருக்கு அங்கே எல்லாரும் வைத்திருந்த பேர் 'அடிக்குறிப்பு'. எதைச் சொன்னாலும் அது எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சேர்த்துச் சொன்னால்தான் அந்த மனுஷருக்கு மூச்சு விட முடியும்.

"சட்டக் கல்லூரிப் பசங்களுக்குக் கவலையே இல்லை மேடம். பாஸ்வேர்ட் போட்டா எல்லாத் தீர்ப்பும் வந்து நிக்கும்," என்று ஆரம்பித்தார். "மத்த டிபார்ட்மென்ட் பசங்க பாவம். நர்ஸிங், எஞ்சினியரிங், மியூசிக்... அவங்களுக்கும் சட்டப் பிரச்சினை வரத்தானே செய்யுது? எதை எங்க தேடறதுன்னு தெரியாது. பாஸ்வேர்டும் கிடையாது. அவங்களுக்காகத்தான் ஆன்லைன்ல ஒரு உதவி ஜன்னல் திறந்தேன். கேள்விய டைப் பண்ணா, இந்தப் பக்கம் உக்காந்து நாங்க வழி காட்டுவோம்."

"நாங்கன்னா?"

"நானும் இவரோட மனைவியும்." சோடாவைக் கைகாட்டினார். "பகல்ல நான். சாயங்காலம் அவங்க வீட்லேருந்து பாப்பாங்க. பேர் போட மாட்டோம், 'உதவி மேசை'ன்னு மட்டும் வரும். பேச்சு முடிஞ்சதும் எல்லாம் அழிஞ்சு போயிடும். யார் என்ன கேட்டாங்கன்னு நூலகம் ஞாபகம் வச்சுக்கக் கூடாது. இது எங்க தொழில் நெறிக் கையேட்டுல மூணாவது..."

"விஷயத்துக்கு வாங்க சார்."

விஷயம் இதுதான். நர்ஸிங் படிக்கிற ஒரு பெண். ஆஸ்பத்திரிப் பயிற்சியிலிருந்து அவளை நீக்கிவிட்டார்கள். வேறு யாரோ மருந்து மாற்றிக் கொடுத்த பழி இவள் தலையில் விழுந்தது. மேல்முறையீடு செய்ய எவ்வளவு நாள் இருக்கிறது என்று ஜன்னலில் கேட்டிருக்கிறாள். ஒரு மாதம் என்று பதில் வந்தது. அதை நம்பி ஆற அமர ஆதாரம் திரட்டிக்கொண்டு போனால், கதவைச் சாத்திவிட்டார்கள். பல்கலைக்கழகச் சட்டத்தைத் திருத்தி ரொம்ப நாளாயிற்றாம். இப்போது இரண்டே வாரம்தானாம்.

"இன்னிக்கு நாலு மணிக்கு மேல்முறையீட்டுக் குழு கூடுது. 'பல்கலைக்கழகத்தோட ஜன்னலே தப்பாச் சொல்லியிருந்தா தாமதத்தை மன்னிக்கலாம். ஆனா சொன்ன ஆளு நேர்ல வந்து, நான்தான் சொன்னேன்னு நிக்கணும்'ங்கறாங்க. ஆளு வரலைன்னா அந்தப் பொண்ணு படிப்பு அதோட முடிஞ்சுது." அடிக்குறிப்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் சொல்லல. இவர் மனைவியும் சொல்லலைங்கறாங்க. நான் நம்பறேன். அப்ப யாருதான் சொன்னது?"

"பேயா இருக்கும் சார். படிச்சுப் படிச்சே செத்துப்போன வக்கீல் யாராவது..." என்று ஆரம்பித்த சோடாவின் காலைச் சித்தி மிதித்தாள்.

நர்ஸ் பெண்ணின் அறை ஒரு மாடி வீட்டின் பின்பக்கம் இருந்தது. ஒரு கட்டில், ஒரு மேசை. கதவுக்குப் பின்னால் தேய்த்து மாட்டிய வெள்ளைச் சீருடை. போட வழியில்லாத சீருடையை எதற்குத் தேய்த்து வைத்திருக்கிறாள் என்று சோடாவுக்குக் கேட்கத் தோன்றியது. நல்லவேளை, கேட்கவில்லை.

"முழுசா எடுத்து வைக்கத் தோணல மேடம். கடைசியா வந்த பதிலை மட்டும் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மாவுக்குத் தைரியமா இருக்குமேன்னு." பெண் போனை நீட்டினாள்.

சித்தி வாய்விட்டுப் படித்தாள்.

"'கவலையே படாதீங்க. நாற்பத்தொன்றாம் பிரிவு. முழுசா ஒரு மாசம் டைம் இருக்கு. வக்கீலுங்களே வாய்தா வாங்கிட்டு நிம்மதியா இருக்காங்க, நீங்க ஏன் பதறுறீங்க? ஜம்முனு தூங்குங்க.'"

படித்துவிட்டுப் போனைச் சோடாவிடம் கொடுத்தாள். சோடா பார்த்தான்.

அது அவன் பதில். போட்டு மறந்தே போயிருந்தான், நூலகத்தில் கதையைக் கேட்டபோதுகூட உறைக்கவில்லை.

அன்றைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. ஜன்னலைத் திறந்து உட்கார்ந்திருந்த பெண்டாட்டி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை டாக்டரிடம் ஓடினாள். ஓடும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள். "யாராவது வந்தா, 'கொஞ்சம் பொறுங்க, வந்துடறேன்'னு மட்டும் போடுங்க. வேற எதுவும் சேர்த்துப் போடாதீங்க."

சேர்த்துப் போட்டான். சும்மா இருக்க அவனுக்குத் தெரியுமா? சட்டக் கல்லூரியில் இரண்டு வருஷம் பெஞ்சைத் தேய்த்துவிட்டுப் பாதியில் ஓடி வந்தவன். அந்த இரண்டு வருஷத்தில் அவன் மண்டையில் ஒட்டிக்கொண்டது ரொம்பக் கொஞ்சம், அதில் நாற்பத்தொன்றாம் பிரிவும் ஒன்று. யாரோ ஒரு பெண் பதறிப்போய்க் கேட்கிறாள், நமக்குப் பதில் தெரிந்திருக்கிறது! கை அரித்தது. அவள் 'ரொம்ப நன்றி சார்' என்று போட்டதும் நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. அவனை அதுவரை யாரும் அப்படிச் சார் என்று சொன்னதில்லை. திரும்பி வந்த பெண்டாட்டி, "யாராவது வந்தாங்களா?" என்று கேட்டபோது, "ஈ காக்கா வரல," என்றான். அப்போது அது ஒரு பெரிய பொய்யாகவே தெரியவில்லை.

இப்போது அந்தப் பொய் எதிரே கட்டிலில் உட்கார்ந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு.

"இந்தப் பதில் வர்றதுக்கு முன்னாடி உங்களை ஏதாவது கேட்டாங்களாம்மா?" என்றாள் சித்தி.

"இல்ல மேடம்."

"எந்த டிபார்ட்மென்ட்னு?"

"கேக்கல."

"இந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்க, அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கன்னு ஏதாவது?"

"எதுவுமே இல்ல. நான் கேட்டு முடிக்கல, படபடன்னு பதில் வந்துடுச்சு. அதனாலதான் பெரிய ஆளு போலிருக்குன்னு நம்பிட்டேன்."

பெரிய ஆளு. சோடாவுக்கு அந்த அறையில் நிற்க முடியவில்லை. "கார எடுக்கறேன்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

திரும்பும் வழி முழுக்கச் சித்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சொல்லிவிடலாம் என்று சிக்னலுக்குச் சிக்னல் வாயைத் திறந்தான். சொன்னால் பெண்டாட்டி வேலை போய்விடும். பாஸ்வேர்டை வீட்டு ஆளிடம் விட்டுவிட்டுப் போனவளை எந்த ஆபீஸ் வைத்துக்கொள்ளும்? சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் படிப்பு போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிப்பது அவன்தான், அடிபடுவது மட்டும் வேறு யாரோ. சிக்னல் விழுந்து பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

"பச்சை விழுந்துடுச்சுடா," என்றாள் சித்தி.

நூலகத்தில் நுழைந்ததும் சித்தி நேரே அடிக்குறிப்பின் மேசைக்குப் போனாள்.

"சார், என் சொந்தப் பிரச்சினை ஒண்ணு. வீட்டுக்காரர் திடுதிப்புனு காலி பண்ணச் சொல்றார். எனக்கு எவ்ளோ டைம் இருக்கு?"

"நீங்க எந்த டிபார்ட்மென்ட்?" என்றார் அவர். அப்புறம்தான் யாரிடம் கேட்கிறோம் என்று உறைத்து நெளிந்தார். "மன்னிக்கணும். பழக்க தோஷம். சட்டக் கல்லூரியா, வெளி டிபார்ட்மென்ட்டான்னு தெரிஞ்சாத்தான் எந்த வழியைக் காட்டறதுன்னு முடிவு பண்ண முடியும். அதான் முதல் கேள்வி."

"சரி, நான் வெளி ஆளு. சொல்லுங்க, எவ்ளோ டைம்?"

"நான் சொல்லக் கூடாது மேடம். இதோ இந்தப் பக்கத்தைத் திறங்க. நீங்களே படிங்க."

"உங்களுக்குத்தான் தெரியுமே!"

"தெரியும். ஆனா சொல்ல மாட்டேன். என் சொந்தத் தங்கச்சி அழுதுக்கிட்டு வந்தப்பவும் பக்கத்தைத்தான் காட்டினேன். அவ எங்கிட்ட ரெண்டு வருஷம் பேசல."

சித்தி அடுத்த அறைக்குள் எட்டிப் பார்த்தாள். சோடாவின் பெண்டாட்டி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அதே கேள்வி.

"எந்த டிபார்ட்மென்ட் அத்தை... ஐயோ!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள் அவள். "இருங்க, பக்கத்தை எடுத்துத் தரேன்."

சித்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சோடா கதவில் சாய்ந்து நின்றான்.

"ரெண்டு பேரும் அந்தப் பதிலைச் சொல்லல," என்றாள் சித்தி. "நூலகத்து ஆளுங்க பதில் சொல்ல மாட்டாங்க, பதில் இருக்கிற இடத்தைச் சொல்லுவாங்க. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் டிபார்ட்மென்ட் எதுன்னுதான் முதல்ல கேப்பாங்க. ஜன்னலுக்குப் பின்னாடி அன்னிக்கு உக்காந்தது மூணாவது ஆளு. சார், அந்த நாற்பத்தொண்ணாம் பிரிவு?"

"இப்ப அந்த நம்பரே கிடையாது. திருத்தம் வந்தப்ப எல்லாம் மாறிடுச்சு. எங்க கம்ப்யூட்டர்ல தலைகீழா நின்னாலும் அந்தப் பழசு வராது."

"அப்ப பாத்துச் சொல்லல, ஞாபகத்துலேருந்து சொல்லியிருக்கான். ஒரு காலத்துல சட்டம் படிச்சவன். திருத்தம் வந்ததுகூடத் தெரியாம புத்தகத்தை மூடி வச்சுட்டவன்."

டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்த கீபோர்டு சத்தம் நின்றது. பெண்டாட்டி மெதுவாகத் தலையைத் திருப்பிச் சோடாவைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். இருந்திருந்தால் தேவலை. சோடா தரையைப் பார்த்தான்.

அடிக்குறிப்பு அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நேரமாச்சு. எல்லாரும் குழுவுக்குப் போகலாம். அங்க நான் பேசிக்கறேன்," என்றார். சித்தி ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டார்.

குழு கூடிய அறையில் நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ரிட்டயர்ட் நீதிபதியம்மா ஒருவர். நர்ஸ் பெண் முன் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கூடவே ஒரு கைப்பை. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஜன்னல்ல பதில் சொன்னது யாருன்னு தெரிஞ்சுதா?" என்றார் நீதிபதியம்மா.

அடிக்குறிப்பு எழுந்தார். "நான்தாம்மா."

சோடாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சித்தி அவன் காதோரம் சொன்னாள்: "மனுஷன் வாழ்க்கையிலேயே முதல் தடவையா ஆதாரம் இல்லாம ஒரு வார்த்தை சொல்றார்டா."

"நீங்களா?" நீதிபதியம்மாவின் புருவம் ஏறியது. "நான் வக்கீலா இருந்த காலத்துலேருந்து உங்களை எனக்குத் தெரியும். நீங்க யாரையாவது ஜம்முனு தூங்கச் சொல்லி நான் கேட்டதில்லையே! சரி, எந்தப் பக்கத்தைப் பாத்து ஒரு மாசம்னு சொன்னீங்க?"

அடிக்குறிப்பு வாயைத் திறந்தார். மூடினார். வேறு எந்தப் பொய்யையும் அவர் சொல்லியிருப்பார் போல. பக்க எண்ணில் மட்டும் பொய் வரவில்லை.

"பாக்கல," என்றார் கடைசியில்.

"இத பாருங்க. இந்தப் பொண்ணு மேல இரக்கப்பட்டு நீங்க பழியைத் தூக்கிக்கறீங்கன்னு எனக்குத் தோணுது. பொய் சாட்சியை வச்சு நான் ஒண்ணும் பண்ண முடியாது. மனுவைத் தள்ளுபடி பண்ண வேண்டியதுதான்." பேனாவை எடுத்தார்.

நர்ஸ் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அழவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

"அவர் இல்லைங்க," என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று சோடாவுக்குத் தெரிய ஒரு நொடி ஆயிற்று. எழுந்து நின்றிருந்தான். "நான்தான் சொன்னேன்."

"நீங்க யாரு?"

வழக்கமாக அந்தக் கேள்விக்கு அவனிடம் ஒரு டஜன் பதில் இருக்கும். "யாருமில்லைங்க. நூலகத்துல வேலை பாக்கறவங்களோட வீட்டுக்காரன். குழந்தைக்குக் காய்ச்சல்னு அவ டாக்டர்கிட்ட ஓடினா. பொறுங்கன்னு மட்டும் போடச் சொன்னா. நான் திமிர்ல பதில் போட்டுட்டேன். வந்து கேட்டப்ப யாரும் வரலைன்னு பொய்யும் சொன்னேன். அவளுக்கு எதுவும் தெரியாது."

"இன்னொரு இரக்கமா?" நீதிபதியம்மா சலித்துக்கொண்டார். "நீங்கதான்னு எப்படி நம்பறது?"

சோடா நர்ஸ் பெண்ணைப் பார்த்தான். "போட்டோல கடைசிப் பதில் மட்டும்தான் இருக்கு. அதுக்கு முன்னாடி நீங்க எங்கிட்ட ஒண்ணு கேட்டீங்க. நீக்கினதுலேருந்து கண்ணை மூடினா அந்த நோயாளி முகம்தான் வருதுன்னு சொன்னீங்க. 'இன்னிக்காவது நான் தூங்கலாமா சார்?'னு கேட்டீங்க. அதுக்குத்தான் தூங்குங்கன்னு போட்டேன்."

பெண் நிமிர்ந்து அவனையே பார்த்தாள். இப்போதுதான் அழுதாள். "ஆமா," என்று தலையை ஆட்டினாள். "அதை நான் யார்கிட்டயும் சொல்லல. அம்மாகிட்டகூட."

பேனா கீழே வைக்கப்பட்டது. ஆனால் நீதிபதியம்மாவின் முகம் தெளியவில்லை.

"உண்மைன்னே வச்சுக்கறேன். அப்ப சிக்கல் இன்னும் பெருசாயிடுச்சே. சொன்னது நூலக ஆளு இல்ல, வெளி ஆளு. எவனோ சொன்னதை நம்பினதுக்குப் பல்கலைக்கழகம் எப்படிப் பொறுப்பாகும்?"

சோடா நர்ஸ் பெண்ணைத் திரும்பிப் பார்த்தான். உண்மையைச் சொன்னதே அவளைக் கவிழ்த்துவிட்டதா? இதற்கு அடிக்குறிப்பின் பொய்யே நின்றிருக்கலாமே!

சித்தி எழுந்தாள்.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. அந்தப் பொண்ணு தெருவுல போறவனையா நிறுத்திக் கேட்டா? உங்க கதவைத் தட்டினா. கதவுல உங்க பேர் இருந்துச்சு. பதிலும் 'உதவி மேசை'ங்கற பேர்லதான் வந்துச்சு. உள்ள யார் உக்காந்திருக்காங்கன்னு எட்டிப் பாக்க அவளுக்கு வழியே இல்லை, ஏன்னா நீங்களே பேர் போடறதில்லை. உள்ள தப்பான ஆளு உக்காந்தது வீட்டுக்காரங்க தப்பா, கதவைத் தட்டினவ தப்பா?"

மூன்று பேரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். ரொம்ப நேரம் பேசுவது போல இருந்தது. கடைசியில் நீதிபதியம்மா நேரே பெண்ணிடம் சொன்னார். "தாமதத்தை மன்னிக்கறோம். உன் மேல்முறையீட்டை எடுத்துக்கறோம். ஆதாரத்தையெல்லாம் கொண்டு வந்திருக்கியா?"

கைப்பை ஜிப் கடைசித் தடவையாகத் திறந்தது.

வராந்தாவில் நர்ஸ் பெண் சோடாவின் எதிரே வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தான். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தான்.

"இன்னிக்குத் தூங்கலாமா சார்?" என்றாள். கேலியா, நிஜமா என்று தெரியவில்லை.

"நான் சொல்லக் கூடாதும்மா," என்று சோடா அடிக்குறிப்பைக் காட்டினான். "அவரைக் கேளுங்க."

அடிக்குறிப்பு தடுமாறினார். எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று தேடுகிற மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார். "தூங்கலாம்மா," என்றார். அப்படியே விட்டுவிட்டுக் குடையைத் தேட ஆரம்பித்தார். குடை அவர் கையில்தான் இருந்தது.

"உங்களுக்கு எப்ப சித்தி தெரிஞ்சுது?" என்றான் சோடா, அவர்கள் தள்ளிப் போன பிறகு.

"போட்டோவை உன் கையில கொடுத்தப்ப. அப்படி ஒரு பதிலைப் படிச்சுட்டு நீ ஒரு ஜோக்கும் அடிக்கல. அதுக்கப்புறம் இந்த நிமிஷம் வரைக்கும் அடிக்கல. உன் வாய் மூடி நான் பாத்ததே இல்லையேடா." சித்தி அவன் தோளில் கை வைத்தாள். "நானே சொல்லியிருப்பேன். நீயா எழுந்திருப்பியான்னு பாத்தேன்."

அந்தக் கை ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. வராந்தாவின் அந்தக் கோடியில் பெண்டாட்டி கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றி அடிக்குறிப்பிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் வாங்க மறுத்தார். நூலகத்தில் விசாரணை நடந்து முடியட்டும் என்றார். அவள் அவர் சட்டைப்பையிலேயே அதைப் போட்டுவிட்டு இவன் பக்கம் வந்தாள்.

"நான்..." என்று ஆரம்பித்தான் சோடா.

"ஸ்கூல் விட்டிருக்கும். குழந்தைய நீங்க கூட்டிட்டு வாங்க. நான் நடந்து வரேன்." இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள். திரும்பாமலே சொன்னாள்: "நான் எங்கன்னு கேட்டா, அம்மாவுக்கு லீவுன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் சேர்த்துச் சொல்லாதீங்க."

பள்ளிக்கூட வாசலில் குழந்தை பையை இழுத்துக்கொண்டு ஓடி வந்தது. "அம்மா வரலையாப்பா?"

"அம்மாவுக்கு லீவு."

"எதுக்கு லீவு?"

சோடா வாயைத் திறந்தான். குழந்தை சிரிக்கத் தயாராக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. அப்பாவிடம் எப்போதும் ஒரு வேடிக்கை வரும் என்று அதற்குத் தெரியும்.

அவன் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அதன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.